ஃபைலுக்குச் சொந்தக்காரர் யார்?



நம்ம சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் எல்லோரும் நுழைந்துவிட முடியாது. அனுமதி உள்ளவர்தான் போகலாம். லினக்ஸ் கணிப்பொறியிலும் அதே சட்டம்தான். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

சீனியர்கள் வேலைச் செய்தி அனுப்புவதற்கென்று எங்கள் லேபில் மெயில்மேன் 2.1 ஓடியது. ஒரு முகவரிக்குக் கடிதம் போட்டால் உறுப்பினர் அத்தனை பேருக்கும் போகும். அதைப் புது மிஷினுக்கு மாற்றும்போது 'ரூட்' ஆக நுழைந்து எல்லா ஃபைலையும் சும்மா காப்பி செய்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் ரூட் ஆகிவிட்டார்!

மறுநாள் ஒரு அண்ணன் அனுப்பிய இன்டர்வியூ செய்தி அவருக்கே திரும்பிப் போனது. நம் நண்பர்கள் இரண்டு பேருக்கு அந்த வாய்ப்பு போயே போச்சு.

பதறிப்போய் 'சிஎச்மாட் 777' கொடுத்தேன். படிக்க 4, எழுத 2, இயக்க 1, கூட்டினால் 7. சொந்தக்காரர், குழு, மற்றவர் மூவருக்கும் முழு அனுமதி. அப்படியும் கடிதம் போகவில்லை. உறுப்பினர்களின் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைத்திருக்கும் ஃபைலை ஊருக்கே திறந்து வைத்ததுதான் மிச்சம்!

பிறகுதான் லாக் ஃபைலைப் படித்தேன். "மெயில்மேன் குழு வர வேண்டும், நோபடி குழு வந்திருக்கிறது" என்ற பொருளில் ஒரு வரி. விஷயம் இதுதான்: அலையாஸ் ஃபைலுக்கு யார் சொந்தக்காரரோ, அவர் பெயரில்தான் போஸ்ட்ஃபிக்ஸ் மெயில்மேனைக் கூப்பிடும். சொந்தக்காரர் ரூட் என்றால், பாதுகாப்புக்காக 'நோபடி' பெயரில் கூப்பிடும். மெயில்மேன் அவரை வாசலிலேயே நிறுத்திவிடும். 777 அனுமதியை மாற்றுமே தவிர, சொந்தக்காரரை மாற்றாது.

சரியான வைத்தியம் மூன்றே படி:

1. 'சிஎச்ஓன்' கட்டளையால் அலையாஸ் ஃபைல்களை மெயில்மேன் பெயருக்கு மாற்றுங்கள்.

2. ரூட் ஆக 'செக்_பெர்ம்ஸ் -எஃப்' ஓட்டுங்கள். குழுவையும் அனுமதியையும் அதுவே திருத்தும். டைரக்டரிகளுக்கு 2775 போடும். முன்னால் உள்ள 2 இருந்தால், உள்ளே பிறக்கும் புது ஃபைலும் அதே குழுவில் சேரும்.

3. குறை இல்லை என்று சொல்லும்வரை திரும்ப ஓட்டுங்கள்.

முதலிலேயே 'சிபி -ஏ' என்று காப்பி செய்திருந்தால் சொந்தக்காரர் மாறியிருக்க மாட்டார். மெயில்மேன் 3 கடிதத்தை வேறு வழியில் வாங்குகிறது. ஆனால் பாடம் ஒன்றுதான். பூட்டு திறக்கவில்லையா? கதவைக் கழற்றாதீர்கள், சாவி யாரிடம் என்று பாருங்கள்.

அந்த இரண்டு நண்பர்களிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இப்போது எதை மாற்றினாலும் முதலில் எனக்கே ஒரு சோதனைக் கடிதம் அனுப்பிப் பார்க்கிறேன். நீங்களும் செய்யுங்கள்!