கோளாறு கூரையிலா, கணினியிலா?

நெகிரி செம்பிலானில் கம்பிவழி இணையம் எட்டாத தோட்டப்புற வீடுகளுக்குச் செயற்கைக்கோள் இணையம் ஒரு வழி. ஸ்டார்லிங்க் 2023 ஜூலையில் மலேசியாவுக்கு வந்தது. யூபியு விண்ணப்பத்தின் கடைசி நாளில் கணினியில் மட்டும் இணையம் வரவில்லை என்றால் என்ன செய்வது?

முதலில் அதே வைஃபையில் கைப்பேசியைச் சோதியுங்கள். அதில் இணையம் வந்தால், கூரைமேல் உள்ள டிஷ்ஷில் குறையில்லை. கணினியின் ப்ராக்ஸி அமைப்பைப் பாருங்கள். ப்ராக்ஸி என்பது கணினிக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் இடையாள். அலுவலகத்திலிருந்து வாங்கிய பழைய கணினியில் அந்த அலுவலக ப்ராக்ஸியின் முகவரி தங்கியிருக்கலாம். வீட்டிலிருந்து அதை எட்ட முடியாததால் இணையப் பக்கம் திறக்காது.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ப்ராக்ஸி என்று வரிசையாகச் செல்லுங்கள். 'யூஸ் அ ப்ராக்ஸி சர்வர்' என்பதை அணைத்துவிடுங்கள். அது மறுபடி தானாக இயங்கினால், நச்சுநிரல் சோதனை அவசியம். பள்ளி இரவல் கொடுத்த மடிக்கணினி என்றால், ஆசிரியரைக் கேட்ட பிறகே மாற்றுங்கள்.