கிளட்சை மிதித்தால் அடங்கும் சத்தம்

கியர்பாக்ஸ் ஓவர்ஹால் முடிந்த அம்பாசடரை ஓட்டிக்கொண்டு பட்டறையை விட்டு வெளியே வந்த கால் மணி நேரத்தில் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. மாவு மில்லுக்குள் நாலு கோலிக்குண்டு விழுந்துவிட்ட மாதிரி ஒரு கரகரப்பு. திரும்பிப் போய்ச் சொன்னேன். “புது பேரிங் சார், செட்டாகணும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடட்டும், தானா அடங்கிடும்” என்றார் பட்டறைக்காரர்.

ஐந்நூறும் ஓடியது, அறுநூறும் ஓடியது. அடங்கவில்லை. அடங்காது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஷூவும் செருப்பும்தான் போகப்போகச் செட்டாகும். பேரிங்கின் எஃகுத் தடம் மைக்ரான் கணக்கில் தீட்டப்பட்டது. அதன் ஆயுளிலேயே அது மிக வழவழப்பாக இருப்பது டப்பாவிலிருந்து எடுத்த அன்றுதான். முதல் நாளே முனகும் பேரிங் போகப்போகக் கூடுதலாகத்தான் முனகும்.

பேரிங் என்பது வேறொன்றுமில்லை, சிறுவயதில் பலகையில் மாட்டி உருட்டினோமே, அந்த பால்ரஸ்தான். உள்வளையம், வெளிவளையம், நடுவே குண்டுகள், குண்டுகள் ஒன்றோடொன்று இடிக்காமல் பிடித்துவைக்கும் ஒரு கூண்டு. கியர்பாக்ஸில் இதுபோல் பல இருக்கின்றன. எல்லாம் ஒரே இரும்புப் பெட்டிக்குள் அடைந்து கிடப்பதால் எது கத்தினாலும் பெட்டி முழுக்கக் கத்தும். நீளமான திருப்புளியின் முனையைப் பெட்டியில் ஊன்றிப் பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்பது நம் மெக்கானிக்குகளின் பழைய வித்தை. அதிலும் முன்பக்கமா பின்பக்கமா என்பது வரைதான் தெரியும்.

தெரிந்தவர் ஒருவர் மூலம், தொழிலை விட்டுவிட்டு வீட்டோடு இருந்த ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். பானெட்டைக்கூட அவர் திறக்கவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, “நியூட்ரல்ல போடுங்க தம்பி. கிளட்சை மிதிங்க” என்றார். மிதித்தேன். ஒன்றிரண்டு நொடியில் கரகரப்பு தேய்ந்து நின்றது. “விடுங்க.” விட்டேன். மறுபடி வந்தது. “மிதிங்க.” நின்றது. என்ன மாதிரிச் சத்தம் என்று அவர் கேட்கவே இல்லை. எப்போது நிற்கிறது என்று மட்டும் பார்த்தார்.

அந்த ஒரு மிதியில் பாதிப் பெட்டி குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிவிட்டது. கிளட்ச் பெடலில் கால் இல்லாதபோது, வண்டி நியூட்ரலில் நின்றாலும், எஞ்சினோடு பூட்டியிருக்கும் முன் ஷாஃப்ட் சுற்றும். அதோடு பல் கோத்திருக்கும் லே ஷாஃப்ட் கீழே சுற்றும். சக்கரங்களுக்குப் போகும் மெயின் ஷாஃப்ட் அசையாது. பெடலை மிதித்தால் முன் ஷாஃப்டும் லே ஷாஃப்டும் ஓய்ந்துவிடும். ஆகவே மிதித்தால் நிற்கும் சத்தம் இந்த இரண்டில் ஒன்றினுடையது. இதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிளட்ச் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். பெடல் அழுத்தம் அதன்மேல்தான் விழுகிறது. எஞ்சினின் கிராங்க் முனையில் உட்கார்ந்திருக்கும் பைலட் புஷ்ஷும் அப்படியே. மற்ற நேரமெல்லாம் கிராங்க்கும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் அதற்கு வேலையே கிடையாது.

அடுத்து ரோட்டுக்குப் போனோம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வாரிசாகப் பிறந்து 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர் பழைய சம்பிரதாயக்காரர். டாப் கியரில் முன் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் நேராகப் பூட்டிக்கொள்ளும். விசை லே ஷாஃப்டுக்குள் இறங்கி ஏறாது. லே ஷாஃப்ட் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். ஒன்று, இரண்டு, மூன்றில் கத்திவிட்டு டாப்பில் சாதுவாகிவிட்டால் லே ஷாஃப்ட் பேரிங். என் வண்டி டாப்பிலும் கரகரத்தது. ஆக்ஸிலரேட்டரை ஏற்றினால் ஏறியது, இறக்கினால் இறங்கியது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளி உருளவிட்டால் சுத்தமாக இல்லை. உருளும்போதும் சத்தம் நீடித்திருந்தால் மெயின் ஷாஃப்டின் பின் பேரிங்கையோ, டிஃபரன்ஷியலையோ, சக்கர பேரிங்கையோ தேட வேண்டியிருந்திருக்கும். “முன் ஷாஃப்ட் பேரிங்” என்றார் பெரியவர்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். மாருதி 800 போன்ற முன்சக்கர இழுவை கார்களில் ஷாஃப்ட் இரண்டுதான். நேரடி கியர் கிடையாது. அங்கே டாப் கியர் சோதனை செல்லுபடியாகாது. பெடல் சோதனை மட்டும் செல்லும். அதிலும் ஒரு பொறி உண்டு. ஐடிலிங்கில் எஞ்சின் ஒரே சீராகச் சுற்றுவதில்லை. நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு உதை. சுமையில்லாமல் கோத்திருக்கும் பற்கள் அந்த உதையில் தங்களுக்கிடையேயுள்ள இடைவெளியில் முன்னும் பின்னும் தட்டிக்கொண்டு கடகடக்கும். டீசல் வண்டிகளில் இது அதிகம். கிளட்சை மிதித்தால் இதுவும் நிற்கும்! பேரிங் என்று நினைத்துப் பெட்டியைப் பிரித்து ஏமாந்தவர்கள் உண்டு. வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பது ஆக்ஸிலரேட்டர். லேசாக ஏற்றியதும் பல் தட்டல் காணாமல் போகும். பேரிங் சத்தம் கூடவே ஏறும்.

சரி, பேரிங் ஏன் ‘கர்ர்’ என்கிறது? 6205 என்று பொறித்த பேரிங்கை எடுத்துக்கொள்வோம். உலகெங்கும் மலிந்து கிடக்கும் அளவு அது. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம்: 25 மில்லிமீட்டர். உள்ளே பொதுவாக 9 குண்டுகள். எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்று என்றால் ஷாஃப்டோடு ஒட்டிய உள்வளையம் நொடிக்கு 15 முறை சுற்றும். வெளிவளையம் அசையாது. இடையில் உருளும் குண்டுகளின் கூண்டு இரண்டுக்கும் நடுவாந்தரமாக, நொடிக்கு ஏறத்தாழ 6 முறை சுற்றிவரும். வெளிவளையத்தில் ஒரு குழி இருந்தால் அதன்மேல் நொடிக்கு 9 பெருக்கல் 6, அதாவது 54 குண்டுகள் விழுந்தெழும். குழி உள்வளையத்தில் இருந்தால், அது கூண்டைவிட நொடிக்கு 9 சுற்று முந்துவதால் 81 முறை. காதால் எண்ண முடியாது. ஆனால் கம்ப்யூட்டர் எண்ணும். எந்த வளையத்தில் குழி என்பதைப் பெட்டியைத் திறக்காமலே சொல்லிவிடும்.

கியர் பல்லின் கணக்கு வேறு. ஒரு பல் உடைந்தால் சுற்றுக்கு ஒரு ‘டக்’. இருபது பல்லும் கோத்துக் கோத்து விலகினால் சுற்றுக்குச் சரியாக இருபது. எப்போதும் முழு எண்தான். பேரிங்கிலோ 54-ஐ 15-ஆல் வகுத்தால் மூன்றரைக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. சுற்றோடு ஒட்டாத கணக்கு. கியர் ஊளையில் ஒரு ஸ்வரம் தெரிவதும், பேரிங் முனகலில் எதுவும் பிடிபடாமல் வெறும் கரகரப்பாகக் கேட்பதும் ஓரளவு இதனால்தான்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. குண்டு ஒவ்வொரு முறை குழியில் இடிக்கும்போதும் வளையமும் பெட்டியும் தங்கள் சொந்தக் குரலில், நொடிக்குப் பல ஆயிரம் அதிர்வாக, கணகணத்து அடங்கும். கடத்தில் தட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பானை கொடுக்கும் சுருதி எந்த விரல் தட்டினாலும் பெரிதாக மாறாது. தட்டுகிறவர் யார் என்று தெரிய வேண்டுமானால் தாளத்தைக் கேட்க வேண்டும். அதிர்வு ஆய்வாளர்களும் இதையே செய்கிறார்கள். அந்த உச்ச ஸ்தாயி அதிர்வை மட்டும் வடிகட்டி எடுத்து, அது நொடிக்கு எத்தனை முறை பொங்கித் தணிகிறது என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் பேரிங்குகளில் வேண்டுமென்றே நுண்ணிய குழிகள் போட்டு, மோட்டாரில் சுழலவிட்டு, பதிவான அதிர்வுகளை எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டிருக்கிறது. பேரிங் பழுதைக் கண்டறியும் கணினி முறைகளுக்கு இன்று பரவலான பரீட்சைத் தாள் அது. அதிலுள்ள ஒரு பேரிங் நாம் பார்த்த அதே 6205.

பெரியவர் தமக்குத் தெரிந்த ஒரு சின்னப் பட்டறையில் பெட்டியை இறக்கச் சொன்னார். பேரிங்கைப் புல்லர் போட்டு இழுக்க விடவில்லை. இழுத்தால் அதுவே புதுத் தழும்பு போட்டுவிடும், அப்புறம் எது பழைய தழும்பு என்று தெரியாது என்றார். வெளிவளையத்தைக் கிரைண்டரால் அறுக்க வைத்தார். துடைத்து வெயிலில் காட்டியபோது தெரிந்தது. தடத்தின் அடிப்பகுதியில் இல்லை. ஒரு பக்கச் சரிவில், ஒன்றுக்கொன்று சம தூரத்தில், குண்டுகள் எத்தனையோ அத்தனை தழும்பு.

ஷாஃப்டில் பேரிங்கை ஏற்றும்போது உள்வளையத்தில்தான் அழுத்த வேண்டும், ஏனென்றால் இறுக்கம் அங்கேதான். வெளிவளையத்தில் அழுத்தினால் அத்தனை பாரமும் குண்டுகள் வழியாகவே போய்ச் சேரும். குண்டு வளையத்தைத் தொடுவது ஊசிமுனையளவு இடத்தில்; அங்கே எஃகு குழிந்துவிடும். இந்தத் தழும்புக்கு ஸ்வீடன் பொறியாளர் யோகான் பிரினெல்லின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1900-இல் அவர் அறிமுகப்படுத்திய கடினத்தன்மைச் சோதனையில் 10 மில்லிமீட்டர் குண்டை 3,000 கிலோ பாரத்தில் உலோகத்தின்மேல் அழுத்திக் குழியை அளப்பார்கள். என் கியர்பாக்ஸில் யாரோ அந்தச் சோதனையை அறியாமலே செய்து முடித்திருந்தார்.

இந்தத் தழும்புக்கு ஒரு போலியும் உண்டு. முற்காலத்தில் டெட்ராய்ட்டிலிருந்து ரயிலேறிப் போன புத்தம்புதுக் கார்களின் சக்கர பேரிங்குகள், ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல், இதேபோன்ற தழும்போடு இறங்கின. சுற்றாமல் நின்ற இடத்திலேயே குலுங்கியதில் எண்ணெய்ப் படலம் விலகி எஃகு தேய்ந்திருந்தது. பூதக்கண்ணாடியில் வேறுபாடு தெரியும். அழுந்திய குழியின் அடியில் தீட்டிய கோடுகள் அப்படியே இருக்கும். தேய்ந்த குழியில் கோடுகளும் அழிந்திருக்கும். என் பேரிங்கில் கோடுகள் இருந்தன.

ஓவர்ஹாலுக்குப் பிறகு வரும் சத்தம் எல்லாமே பேரிங் தப்பு அல்ல. தேய்ந்த பேரிங்கோடு பழகித் தேய்ந்த பற்கள், புது பேரிங் ஷாஃப்டைப் பழைய இடத்துக்கு நிமிர்த்தியதும், வேறு இடத்தில் தொட்டு ஒரு கியரில் மட்டும் ஊளையிடும். அதற்கு எத்தனை பேரிங் மாற்றினாலும் தீர்வில்லை. கூம்பு உருளை பேரிங் போட்ட அலுமினியப் பெட்டிகளில் இன்னொரு வேடிக்கை. அலுமினியம் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 200 மில்லிமீட்டர் நீளப் பெட்டி 60 டிகிரி சூடேறினால் உள்ளே இருக்கும் ஷாஃப்டைவிட 0.13 மில்லிமீட்டர் கூடுதலாக நீளும். ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துக் கணக்காகக் கொடுத்த இறுக்கம் அதற்குள் கரைந்துவிடும். காலையில் பட்டறையில் அமைதியாக இருந்த வண்டி அரை மணி ஓட்டத்துக்குப் பிறகு கத்துவது இப்படித்தான்.

புது பேரிங் வந்தது. உள்வளையத்தில் மட்டும் சரியாக உட்காரும்படி ஒரு இரும்புக் குழாய்த் துண்டைப் பெரியவர் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். துருவேறி, பல வருஷம் கைபட்டுப் பளபளத்த துண்டு. பிரஸ்ஸில் வைத்து இறக்கி, பெட்டியைப் பூட்டி, ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தோம்.

“மிதிங்க தம்பி” என்றார். மிதித்தேன். “விடுங்க.” விட்டேன். எப்போது விட்டேன் என்று என் கால்தான் சொன்னது; காதுக்குத் தெரியவில்லை.