கடலோரத்தில் ஒரு விடுமுறை வாரம்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் பல வீடுகளில் எழும் முதல் கேள்வி, “இந்த முறை எங்கே போகலாம்?” என்பதுதான். கோலாலம்பூர், செரம்பான், மலாக்கா ஆகிய ஊர்களில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு அதன் விடை போர்ட்டிக்சன். நெகிரி செம்பிலான் மாநிலத்தில் மலாக்கா நீரிணையை ஒட்டி அமைந்துள்ள இந்நகரம், கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. விடியற்காலையில் புறப்பட்டால் பசியாறும் நேரத்திற்குள் கடலைக் கண்டுவிடலாம்.

ஆனால், கடற்கரைக்குச் சென்ற எல்லாரும் ஓய்வு பெற்றுத் திரும்புவதில்லை. சிலர் வெயிலில் வாடிக் களைத்துத் திரும்புகின்றனர். சிலர் நான்கு நாளும் திறன்பேசியைப் பார்த்துவிட்டு வருகின்றனர். ஒரு சில குடும்பங்கள் சென்ற எண்ணிக்கையில் ஒருவர் குறைந்து திரும்பும் கொடுமையும் நிகழ்கிறது. கடற்கரை விடுமுறை இன்பமாக அமைய வேண்டுமென்றால், கடலின் நேரத்தையும் கடலின் இயல்பையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். கடல் எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நிலவின் ஈர்ப்பு விசையாலும் கதிரவனின் ஈர்ப்பு விசையாலும் கடல்மட்டம் உயர்ந்து தாழ்கிறது. மலாக்கா நீரிணையில் ஒரு நாளில் இரு முறை நீர் ஏறும். இரு முறை வற்றும். ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த வற்றத்திற்கும் இடையே ஆறு மணி நேரத்திற்குச் சற்று அதிகமாகும். இந்நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். சனிக்கிழமை காலை 9 மணிக்கு நீர் வற்றியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை 9.50 மணியளவில் வற்றும். அடுத்த சனிக்கிழமை காலை 9 மணிக்கோ, அதே இடத்தில் நீர் நன்கு ஏறி நிற்கும். ஒரு வாரம் தங்குபவர்கள் இம்மாற்றம் முழுவதையும் கண்ணாரக் காணலாம்.

போர்ட்டிக்சன் கடற்கரை மெல்லச் சரிந்து செல்வது. ஆகவே, நீர் வற்றும்போது கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும். அப்போது நீந்த இயலாது. ஆனால், பார்ப்பதற்கு எத்தனையோ உண்டு. ஈர மணலில் சிறு நண்டுகள் வளையிலிருந்து வெளிவந்து, மணலை வாயில் இட்டு உணவுத் துகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சியதைச் சிறு உருண்டைகளாக ஒதுக்கி வைக்கும். அடுத்த நீரேற்றத்தில் அவ்வுருண்டைகள் அனைத்தும் அழிந்துவிடும். வற்றும் நேரத்தை நடப்பதற்கும் ஏறும் நேரத்தைக் குளிப்பதற்கும் ஒதுக்கினால் ஏமாற்றம் இராது. கடல் நீர்மட்ட அட்டவணை இணையத்தில் கிடைக்கும். புறப்படும் முன்பே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுவதால் கிழக்குக் கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். மேற்குக் கரைக்கு அப்போது அவ்வளவு தாக்கம் இல்லை. எனினும், மேற்குக் கரையிலும் சில விடியற்காலைகளில் சுமத்திரா பக்கமிருந்து பலத்த காற்றோடு இடிமழை வருவதுண்டு. இடியோசை கேட்ட உடனே நீரைவிட்டு வெளியேறிக் கட்டடத்திற்குள் செல்வதே அறிவுடைமை.

அடுத்தது, கடலின் இயல்பு. “ஆழம் அறியாமல் காலை விடாதே” என்னும் பழமொழி கடலுக்கு மிகவும் பொருந்தும். அலைகள் கரைக்குக் கொண்டுவரும் நீர் மீண்டும் கடலுக்குத் திரும்ப வேண்டும். சில இடங்களில் அது குறுகிய வழியாக விரைந்து திரும்பும். இதனையே இழுநீரோட்டம் என்கிறோம். அந்த இடத்தில் அலைகள் குறைவாக இருக்கும். நீர் சற்றுக் கருமையாகத் தோன்றும். அமைதியாக இருப்பதால் அதுவே பாதுகாப்பான இடம் என்று பலர் எண்ணி இறங்குகின்றனர். அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

இழுநீரோட்டம் ஒருவரைக் கடலை நோக்கி இழுத்துச் செல்லும். நீருக்கு அடியில் அமிழ்த்தாது. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி நேராக நீந்த முயன்று, வலுவிழந்து போவதால்தான் மூழ்குகிறார். ஆகவே, முதலில் பதறாமல் மிதக்க வேண்டும். கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். முடிந்தால், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்த பிறகு கரையை நோக்கித் திரும்ப வேண்டும். கரையில் இருப்பவர்கள் தாமும் குதித்துவிடாமல், மிதக்கும் பொருள் ஒன்றை எறிந்து, உயிர்காப்பாளரை அழைக்க வேண்டும். அல்லது 999 என்னும் எண்ணுக்குத் தொடர்பு கொள்ள வேண்டும். சிவப்பும் மஞ்சளும் கலந்த கொடிகள் நடப்பட்டிருந்தால் அவற்றுக்கு இடையில் மட்டுமே குளிக்கலாம். சிவப்புக் கொடி பறந்தால் நீரில் இறங்கவே கூடாது.

நீரில் மூழ்கும் குழந்தை கூச்சலிடும், கையை அடித்து அழைக்கும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், மூச்சுக்குத் தவிக்கும் குழந்தையால் பெரும்பாலும் கத்த முடியாது. சில அடி தூரத்தில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் ஓசையின்றி முடிந்துவிடும். “யாராவது பார்த்துக்கொள்வார்கள்” என்று எல்லாரும் இருந்தால், யாருமே பார்ப்பதில்லை. எனவே, பெரியவர்கள் முறைவைத்துக் காவல் இருப்பது நல்லது. அரை மணி நேரம் அப்பா, அடுத்த அரை மணி நேரம் மாமா என்று பிரித்துக்கொள்ளலாம். காவல் இருப்பவர் கையில் திறன்பேசி இருக்கக் கூடாது. சிறு பிள்ளைகள் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

வெயிலையும் எளிதாக எண்ணிவிடலாகாது. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை புற ஊதாக் கதிர்களின் தாக்கம் மிகுதி. அந்நேரத்தில் நிழலில் உண்டு, உறங்கி, கதை பேசலாம். காலையும் மாலையும் கடலுக்குச் செல்லலாம். பகலில் நிலம் விரைவாகச் சூடாவதால் அதன்மேல் உள்ள காற்று மேலெழுகிறது. அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. மாலையில் மணலில் அமர்ந்திருக்கும்போது நம் முகத்தைத் தழுவும் கடற்காற்று இதுவே.

நடக்க விரும்பும் குடும்பங்களுக்குத் தஞ்சோங் துவான் காட்டுப்பகுதி அருகிலேயே உள்ளது. போர்ட்டிக்சன் வழியாகச் சென்றாலும் அது மலாக்கா மாநிலத்திற்கு உரிய நிலம். அங்குள்ள இன்றைய கலங்கரை விளக்கம் 1863-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. நீரிணை அங்கே குறுகலாக இருப்பதால், மார்ச் மாதத்தில் தேன்பருந்துகள் சுமத்திரா பக்கமிருந்து கடலைக் கடந்து அங்கு வந்து சேர்கின்றன. சிறகடித்துக் களைத்து வரும் அவை, நிலத்தின்மேல் எழும் வெப்பக் காற்றைப் பற்றி வட்டமிட்டு மீண்டும் உயரே செல்லும் காட்சியைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

இவ்வளவு திட்டமிட்டும் ஒன்றை மறந்துவிடுகிறோம். தங்கும் விடுதியில் சமையலறை இருந்தால், வீட்டில் சமைத்த அம்மா அங்கும் அடுப்பின் முன் நிற்கிறார். எல்லாரும் குளித்து முடித்த பிறகு ஈரத்துணிகளை அலசுபவரும் அவரே. அடுப்பு மட்டும் இடம் மாறுவது அம்மாவுக்கு விடுமுறை ஆகாது. ஒரு நாள் அப்பா சோறு வடிக்கட்டும். மறுநாள் பிள்ளைகள் ரொட்டியும் முட்டையும் செய்யட்டும். இன்னொரு நாள் எல்லாரும் கடையில் சுட்ட மீன் உண்ணலாம். அம்மா மணலில் கால் நீட்டி அமர்ந்து கடலைப் பார்க்கும் ஒரு மணி நேரம், அக்குடும்பம் அவருக்குத் தரும் பரிசாகும்.

புறப்படும் நாளில் மணலில் நெகிழிப்பைகளையும் புட்டிகளையும் விட்டு வரலாகாது. நண்டுகள் செய்த மணல் உருண்டைகளைக் கடல் அழித்துவிடும். நாம் விட்டுச் செல்லும் குப்பையை அது அழிப்பதில்லை. வேறொரு கரைக்குத்தான் கொண்டு சேர்க்கும். வந்தவர் அனைவரும் நலமாக வீடு திரும்பி, கரையும் நாம் வந்தபோது இருந்தவாறே இருந்தால், அவ்விடுமுறை நல்ல விடுமுறை.