கோபுரம் விழுந்தபோது குற்றவாளி யார்? கடைசிக் காலமும் கடவுளின் தீர்ப்பும்



2004ஆம் ஆண்டு டிசம்பர் 26. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழா. அன்று நம் ஆலயங்களில் வாசிக்கப்பட்ட நற்செய்தி, ஏரோதின் வாளுக்குத் தப்ப, குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு யோசேப்பும் மரியாவும் எகிப்துக்கு ஓடிய நிகழ்வு (மத் 2:13-15, 19-23). அதே காலையில், 9 மணியை ஒட்டி, மெரினா, சாந்தோம், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர்க் கரைகளில் கடல் ஏறி வந்தது. பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் ஓடினார்கள். சிலர் தப்பினார்கள். சிலரால் முடியவில்லை.

சென்னையில் மட்டும் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தமிழகம் முழுவதும் இறந்தவர்கள் ஏறக்குறைய 8,000 பேர். அவர்களில் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். அன்னையைத் தரிசிக்க வேளாங்கண்ணிக்குச் சென்றிருந்த திருப்பயணிகள் நூற்றுக்கணக்கில் மாண்டார்கள்.

கடல் திரும்பிப் போனது. கேள்விகள் நின்றுவிட்டன. "இது கடைசிக் காலத்தின் அடையாளம்" என்றார்கள் சிலர். "பாவத்துக்குக் கிடைத்த தண்டனை" என்றார்கள் வேறு சிலர். எல்லாச் சமயங்களிலும் இப்படிப் பேசியவர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரும் சுட்டிய விரல் இன்னொருவர் பக்கமே நீண்டிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு இந்தப் பேச்சு இரண்டாவது அலையாக வந்து மோதியது. "என் குழந்தை என்ன பாவம் செய்தது?" என்று அவள் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோதும், 2020இல் கொரோனா பரவியபோதும் அதே பேச்சு திரும்ப வந்தது. ஆகவே விவிலியமும் திருச்சபையும் இதுபற்றி என்ன கற்பிக்கின்றன என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

தோமையார் தூணும் நம் நன்றியுணர்வும்

சாந்தோம் பேராலயத்தின் பின்புறம், கடற்கரைக்கு இறங்கும் வழியில் ஒரு தூண் இருக்கிறது. திருத்தூதர் தோமையார் நட்ட தூண் என்றும், அதைத் தாண்டிக் கடல் வராது என்றும் தலைமுறை தலைமுறையாக மக்கள் சொல்லி வருகிறார்கள். 2004இல் கடல்நீர் பேராலயத்துக்குள் நுழையவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் அங்கே வந்து அடைக்கலம் புகுந்தார்கள். வேளாங்கண்ணியிலும் அலை அன்னையின் பேராலயத்துக்குள் புகவில்லை என்று மக்கள் சாட்சி சொன்னார்கள்.

காப்பாற்றப்பட்டவர்கள் நன்றி சொல்வது நியாயம். அந்த நன்றியை யாரும் பழிக்க வேண்டாம். அதே சமயம், தூணைப் பற்றிய நம்பிக்கை மக்களின் பக்தி மரபைச் சேர்ந்தது. அதை விசுவாசச் சத்தியமாகத் திருச்சபை நமக்குக் கற்பிக்கவில்லை.

மேலும், ஒரு படி தாண்டிப் போகும்போதுதான் ஆபத்து வருகிறது. "கடவுள் ஆலயத்தைக் காத்தார்" என்று சொல்லும் நாவு, "அப்படியானால் அருகிலிருந்த சீனிவாசபுரத்துக் குடிசைகளைக் கைவிட்டார்" என்று சொல்லிவிடக் கூடாது. செபமாலையைக் கையில் பிடித்தபடி வேளாங்கண்ணிக் கடற்கரையில் நின்றவர்களை அன்னை மறந்துவிட்டார் என்று பொருளாகிவிடக் கூடாது. கல்லாலான கோவிலைவிட மனிதரே கடவுளுக்கு அருமையான கோவில்.

சீலோவாமின் பதினெட்டுப் பேர்

இந்தக் கேள்வி இயேசுவிடமே வந்தது. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயரைப் பிலாத்து கொன்ற செய்தியைச் சிலர் அவரிடம் கொண்டுவந்தார்கள். அத்துடன் இயேசுவே இன்னொரு செய்தியைச் சேர்த்துக்கொண்டார்: சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்த விபத்து. இறந்தவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகளா? இல்லை என்று அவர் உறுதியாகச் சொன்னார். உடனே கேட்டவர்கள் பக்கம் திரும்பி, மனம் மாற வேண்டியவர்கள் நீங்கள் என்றார் (லூக் 13:1-5).

இங்கே இயேசு செய்ததைக் கவனியுங்கள். வந்தவர்கள் இறந்தவர்களின் பாவக்கணக்கைப் பார்க்க விரும்பினார்கள். இயேசு அந்தக் கணக்கேட்டை மூடிவிட்டு, உயிரோடு இருப்பவர்களின் ஏட்டைத் திறந்தார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, "யார் செய்த பாவம்?" என்று சீடர்கள் கேட்டபோதும் அவர் அப்படித்தான் செய்தார் (யோவா 9:1-3). யோபுவின் நண்பர்கள் அவருடைய துன்பத்துக்கு அவருடைய பாவத்தையே காரணமாகக் காட்டினார்கள். இறுதியில் கடவுள் கடிந்துகொண்டது அந்த நண்பர்களைத்தான் (யோபு 42:7).

சுனாமிக்குக் காரணம் சுமத்திரா அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கம். நிலத்தட்டு ஒன்று இன்னொன்றின் கீழே அழுந்தியதால், இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் கடல்தளம் அசைந்தது. அந்த அலை சென்னையை அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. எச்சரிக்கை சொல்ல அன்று ஏற்பாடு இல்லை. 2007இல்தான் ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. அன்று இல்லாமற்போனது மீனவரின் புண்ணியம் அல்ல, எச்சரிக்கை ஒலி. நற்செய்தி கேட்கும் விழிப்புணர்வில் அயலாரின் உயிரைக் காக்கும் இத்தகைய விழிப்பும் அடங்கும்.

கடைசிக்காலப் பகுதிகளை எப்படி வாசிப்பது?

அப்படியானால் கதிரவன் இருண்டுபோவதும், விண்மீன்கள் விழுவதும், போர்களும் நிலநடுக்கங்களும் பற்றி விவிலியம் சொல்வது ஏன்? மூன்று செய்திகளை மனதில் கொள்வோம்.

முதலாவது, இவை துன்பப்பட்ட மக்களுக்கு ஆறுதலாக எழுதப்பட்டவை. யூதர்களை அந்தியோக்கு மன்னன் கொடுமைப்படுத்திய பின்னணியில், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் தானியேல் நூல் இன்றைய வடிவம் பெற்றது என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து. திருவெளிப்பாடு முதல் நூற்றாண்டின் இறுதியில், பத்மு தீவிலிருந்து சின்ன ஆசியாவின் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்டது. விலங்குகளும் எண்களும் அந்தக் காலத்து மக்களுக்குப் புரிந்த அடையாள மொழி. 666 என்ற எண், எபிரேய எழுத்துகளின் மதிப்புப்படி நீரோ மன்னனின் பெயரைக் குறிக்கிறது என்பது அறிஞர் பலரின் விளக்கம். அதை பார்கோடிலும் ஆதார் அட்டையிலும் தடுப்பூசியிலும் தேடுவது அந்த நூலுக்கு நாம் செய்யும் அநியாயம். பேரரசுகள் அழியும், ஆட்டுக்குட்டியானவரே வெல்வார் என்பதே அதன் செய்தி.

இரண்டாவது, நாளையும் நேரத்தையும் யாரும் அறியார். வானதூதருக்கும் தெரியாது, தந்தை மட்டுமே அறிவார் என்று இயேசு சொல்லிவிட்டார் (மாற் 13:32). ஆயினும் நாள் குறித்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று ஆண்டவரை எதிர்பார்த்து ஏமாந்தார்கள். தென் கொரியாவில் ஒரு குழுவினர் 1992 அக்டோபர் 28 என்றார்கள். வானொலிப் போதகர் ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார். எல்லா நாள்களும் வந்தன, போயின. வேலையை விட்டவர்களும் சொத்தை விற்றவர்களும்தான் தெருவில் நின்றார்கள். திருச்சபையோ 1516ஆம் ஆண்டு டிசம்பரிலேயே, ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கத்தில், இறுதித் தீர்ப்புக்கோ எதிர்க்கிறிஸ்துவின் வருகைக்கோ காலம் குறித்துப் போதிக்கக் கூடாது என மறையுரையாளர்களுக்குத் தடை விதித்தது.

மூன்றாவது, "இரகசிய வருகை" என்ற போதனை. நல்லவர்கள் திடீரென எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் விட்டுவிடப்படுவார்கள் என்று நம் பங்குகளிலும் சிலர் கேள்விப்பட்டுக் கலங்குகிறார்கள். இது 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகரால் பரவிய விளக்கம். கத்தோலிக்கத் திருச்சபை இதைப் போதிப்பதில்லை. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் பகுதி (1 தெச 4:13-18), இறந்த உறவினர்களை நினைத்து அழுதவர்களுக்குப் பவுல் எழுதிய ஆறுதல். ஆயர் பங்குக்கு வரும்போது நாம் தெருமுனை வரை மேளதாளத்துடன் சென்று எதிர்கொண்டு அழைத்து வருகிறோம் அல்லவா? பவுல் அங்கே பயன்படுத்தும் கிரேக்கச் சொல், வருகின்ற அரசரை அப்படி எதிர்கொள்வதற்கும் வழங்கியது. வரவேற்கப் போகிறவர்கள் ஊரைவிட்டு ஓடிப்போகிறவர்கள் அல்ல.

கிறிஸ்து இவ்வுலகில் ஆயிரம் ஆண்டு அரசாட்சி அமைப்பார் என்ற எதிர்பார்ப்பையும் திருச்சபை ஏற்பதில்லை (மறைக்கல்வி 676). அந்த ஆயிரம் ஆண்டு திருச்சபையின் காலத்தையே குறிக்கும் அடையாளம் எனப் புனித அகுஸ்தினார் விளக்கினார்.

தீர்ப்பு உண்டு, ஆனால் யார்மேல்?

இவ்வளவும் சொன்னதால் தீர்ப்பே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. வாழ்வோரையும் இறந்தோரையும் தீர்ப்பிடக் கிறிஸ்து மாட்சியுடன் வருவார் என்று ஒவ்வொரு ஞாயிறும் நாம் அறிக்கையிடுகிறோம். இறந்தவுடன் ஒவ்வொருவருக்கும் தனித்தீர்ப்பு உண்டு. உலக முடிவில் பொதுத்தீர்ப்பு உண்டு. மண்ணில் நீதி கிடைக்காமல் இறந்தவர்களுக்கு இது நற்செய்தி. அடக்கப்பட்டவரின் கண்ணீருக்குக் கணக்குக் கேட்கும் ஒருவர் இருக்கிறார் என்பதே அதன் பொருள்.

அந்நாளின் கேள்வித்தாளை இயேசு முன்கூட்டியே வெளியிட்டுவிட்டார் (மத் 25:31-46). பசித்தவர், தாகமுற்றவர், அன்னியர், ஆடையற்றவர், நோயாளி, சிறையிலிருப்பவர்: இவர்களுக்கு என்ன செய்தாய்? சின்னஞ்சிறியோருக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக அவர் எடுத்துக்கொள்கிறார். தீர்ப்பு கடவுளின் வீட்டாரிடமே தொடங்குகிறது என்றும் திருமுகம் கூறுகிறது (1 பேது 4:17).

இந்த ஒளியில் 2004ஐ மறுபடி பாருங்கள். அலையில் மாண்டவர்கள் தீர்ப்பிடப்பட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். உண்மையில் அன்று குற்றவாளிக் கூண்டில் நின்றவர்கள் பிழைத்திருந்த நாம்தான்.

அந்தத் தேர்வில் நமக்கு நல்ல மதிப்பெண்களும் உண்டு. ஆலயங்களும் பள்ளிகளும் திறக்கப்பட்டன. பங்குகளில் சோறு சமைத்துக் கொடுத்தார்கள். பெயர் தெரியாத உடல்களை, சமயம் பாராமல், வேறு சமயத்து இளைஞர்கள் சுமந்து அடக்கம் செய்தார்கள். "ஆண்டவரே, எப்போது உம்மைக் கண்டோம்?" என்று கேட்கப்போகிறவர்கள் இவர்கள்தான்.

தவறிய விடைகளும் உண்டு. சில இடங்களில் தலித் மக்களும் பழங்குடியினரும் நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டது பதிவான உண்மை. சென்னைக் கரையோரக் குடும்பங்கள் பல செம்மஞ்சேரிக்குக் குடியமர்த்தப்பட்டன. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்களுக்கு அது எவ்வளவு தூரம்! பேருந்துக் கட்டணத்துக்கும் நேரத்துக்கும் ஈடுகொடுக்க முடியாமல் வேலையை இழந்தவர்கள் உண்டு. கடலுக்குத் தப்பியவர்களின் குடியிருப்பைப் பின்னர் மழைநீர் சூழ்ந்தது. அவர்களில் ஒருவர் நம் வீட்டில் பாத்திரம் துலக்கியவராக இருந்திருக்கலாம். அவர் வராமற்போன பிறகு நாம் தேடிப்போனோமா?

இன்னும் ஓர் ஆண்டு

சீலோவாம் கோபுரத்தைப் பற்றிப் பேசியவுடன் இயேசு ஓர் உவமை சொன்னார். மூன்று ஆண்டுகளாகக் காய்க்காத அத்தி மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். தோட்டத் தொழிலாளியோ, இந்த ஓர் ஆண்டும் விட்டுவையுங்கள், கொத்தி எருப்போடுகிறேன் என்று மன்றாடுகிறார் (லூக் 13:6-9). கதையின் முடிவை இயேசு சொல்லவில்லை. மரம் காய்த்ததா என்பது இன்னும் எழுதப்படாமல் இருக்கிறது. பேரழிவுகளைத் தாண்டிப் பிழைத்த நமக்குக் கிடைத்திருப்பது அந்த ஓர் ஆண்டுதான்.

திருவழிபாட்டு ஆண்டின் கடைசி வாரங்களில் உலக முடிவு பற்றிய வாசகங்களைக் கேட்கும்போது அஞ்ச வேண்டாம். அடுத்த முறை ஒரு பேரழிவுச் செய்தி கைப்பேசிக்கு வந்து, "இது கடைசிக் காலம்" என்று பரப்பச் சொன்னால், அதை அனுப்புமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம்:

1. இறந்தவர்களின் குடும்பத்தார் இதைப் படித்தால் ஆறுதல் அடைவார்களா?
2. இது என்னை மனம் மாற அழைக்கிறதா, பிறரைக் குறைகூற வைக்கிறதா?
3. இன்று என் உதவிக்காகக் காத்திருக்கும் சிறியவர் யார்?

செபிப்போம்: ஆண்டவரே, அலைகளில் நாங்கள் இழந்த அனைவரையும் உமது இரக்கத்தின் கரையில் சேர்த்துக்கொள்ளும். அவர்களை நியாயம் விசாரிக்கும் ஆணவத்தை எங்களிடமிருந்து அகற்றும். நீர் வரும் நாளில், துன்புறுவோரின் அருகில் நாங்கள் நிற்பதைக் கண்டு மகிழும். ஆமென்.