பச்சைக் குல்லாய் வீரனும் இரசிகர்களின் சண்டையும்

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். ஜப்பானில் நிண்டெண்டோ நிறுவனம் நடத்திய கண்காட்சியில் ஒரு சிறு படம் திரையிடப்பட்டது. ‘தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா’ என்னும் புகழ்பெற்ற வீடியோ விளையாட்டுத் தொடரின் அடுத்த பகுதிக்கான முன்னோட்டம் அது. முந்தைய ஆண்டு இதே கண்காட்சியில், கதாநாயகன் லிங்க் வாட்டசாட்டமான வாலிபனாக வில்லனுடன் வாட்போர் புரியும் காட்சியைக் காட்டியிருந்தார்கள். புதிய கருவியின் ஆற்றலை விளக்கத்தான் அதைக் காட்டினார்கள். ஆனால் இரசிகர்கள் அதையே வாக்குறுதியாக எடுத்துக்கொண்டனர். இப்போது திரையில் தோன்றியவனோ பெரிய கண்களும் குட்டைக் கால்களும் உடைய பொடியன்! கார்ட்டூன் படத்திலிருந்து இறங்கி வந்தவன் போல் இருந்தான். தங்கள் வீரனைச் சின்னக் குழந்தை ஆக்கிவிட்டார்களே என்று இரசிகர்களில் பலர் கொதித்துப் போயினர்.

(லிங்க் என்பதுதான் வீரனின் பெயர், ஸெல்டா என்பது இளவரசியின் பெயர். பலரும் இதை மாற்றிச் சொல்வதுண்டு.)

கோபம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கார்ட்டூன் தோற்றத்தின் பின்னே நம் பாடப்புத்தகத்துக்கு நெருங்கிய ஒரு செய்தி உள்ளது. ஒரு சொரசொரப்பான பரப்பின் மீது ஒளி விழும்போது அப்பரப்பு எவ்வளவு பிரகாசமாகத் தெரியும்? பரப்பின் செங்குத்துக் கோட்டுக்கும் ஒளி வரும் திசைக்கும் இடையேயுள்ள கோணத்தின் கொசைன் மதிப்பைப் பொறுத்தது அது. 1760-இல் லாம்பர்ட் என்பவர் தமது நூலில் வெளியிட்ட விதி இது. கோணம் 0 பாகையானால் முழுப் பிரகாசம். 60 பாகையானால் பாதி. 90 பாகையில் இருள். மெய்யான தோற்றம் வேண்டும் விளையாட்டுகளில் கணிப்பொறி இந்தக் கணக்கைப் போட்டு, ஒளியிலிருந்து நிழலுக்குச் சிறிது சிறிதாக இறங்கிவருகிறது. கார்ட்டூன் தோற்றத்திலும் கணக்கு ஏறத்தாழ அதேதான். ஆனால் விடை ஓர் எல்லைக்கு மேல் இருந்தால் ஒரே வெளிச்சம், கீழே இருந்தால் ஒரே நிழல் என்று வெட்டிவிடுகிறார்கள். சரிவுப் பாதைக்குப் பதில் படிக்கட்டு! ஆகவே இது சோம்பேறித்தனமாக வரைந்த படம் அன்று.

‘தி விண்ட் வேக்கர்’ என்ற அந்த விளையாட்டு 2002 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. வட அமெரிக்காவில் விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை. இரசிகர்களின் குரலுக்கு நிறுவனம் செவிசாய்த்தது. 2004-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கண்காட்சியில் மீண்டும் வாலிப லிங்க் குதிரைமேல் வந்தபோது அரங்கம் ஆரவாரித்தது. அந்த விளையாட்டு 2006-இல் வெளிவந்தது. சண்டை தீர்ந்ததா என்றால், இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, பழிக்கப்பட்ட பொடியனுக்கே இரசிகர்கள் பெருகினர்; 2013-இல் அவ்விளையாட்டைப் புதுப்பித்து மீண்டும் வெளியிட்டார்கள். மெய்போலத் தோன்ற முயலும் படம் அடுத்த தலைமுறைக் கருவி வந்ததும் பழசாகிவிடுகிறது. மெய்யைப் பின்பற்றாத படத்துக்கு அந்தக் கவலை இல்லை. இன்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எனக்குப் பொடியனைத்தான் பிடிக்கிறது.

ஆக, இரசிகர் சொல்வதைக் கேட்பதா, கேளாமலிருப்பதா? கேட்பதென்றால் எந்த இரசிகரை?

1986-இல் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் உருவாக்கிய முதல் ஸெல்டா, மேலிருந்து பார்க்கும் தட்டையான படம். சிறு வயதில் கியோட்டோ அருகே குகைகளிலும் காடுகளிலும் சுற்றித் திரிந்த அனுபவமே அதன் வித்து என்று மியாமோட்டோ கூறியிருக்கிறார். எந்தத் திசையிலும் போகலாம். மெழுகுவத்தியால் புதரைக் கொளுத்தினால் சில இடங்களில் இரகசியப் படிக்கட்டு தெரியும். 1998-இல் முப்பரிமாணம் வந்தது. பின்வந்த பகுதிகளில் வழி மெல்ல மெல்லக் குறுகியது: இந்தக் குகைக்குப் போ, இந்தக் கருவியை எடு, இந்தப் புதிரை இப்படித் திற. 2011-இல் வந்த பகுதியில் இது மிகுந்துவிட்டது என்று பலர் குறைப்பட்டனர். ஆயினும் அந்த ஒழுங்கைத்தான் ஸெல்டா என்று அறிந்து வளர்ந்த தலைமுறை ஒன்றும் இருந்தது.

தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா வழக்கங்களையே மறுபரிசீலனை செய்யப்போவதாக 2013-இல் அறிவித்தார். இயக்குநர் ஹிதேமாரோ புஜிபயாஷியின் குழு செய்த வேலைதான் வேடிக்கை. மாபெரும் முப்பரிமாண உலகத்துக்கு முன்னோடியாக அவர்கள் 1986-ஆம் ஆண்டு விளையாட்டைப் போன்ற தட்டையான மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தார்கள்! அதில் தீயை ஊடுருவிச் சென்ற அம்பு தீப்பற்றிக்கொண்டது. வெட்டிய மரம் ஆற்றில் மிதந்தது. 2017-இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குவோர் மாநாட்டில் அந்த மாதிரியையும் அதன் விதிகளையும் விளக்கினர். பொருள்களின் இயக்கத்தைக் கணக்கிட இயற்பியல் பகுதி. நிலைமாற்றத்தைக் கணக்கிட ‘வேதியியல்’ பகுதி. இரண்டாவதன் விதிகள் மூன்றே. நெருப்பு, நீர், மின்சாரம் போன்ற பூதங்கள் பொருள்களின் நிலையை மாற்றும். ஒரு பூதம் இன்னொரு பூதத்தின் நிலையை மாற்றும். நீர் நெருப்பை அணைக்கும். பொருள் பொருளின் நிலையை மாற்றாது. இந்த மூன்றிலிருந்து எண்ணற்ற நிகழ்ச்சிகள்! புல்லைக் கொளுத்தினால் சூடான காற்று மேலெழும். அதில் லிங்க் துணிச்சிறகை விரித்து உயரே போகலாம். நம் வெப்பச் சலனம்தான்.

ஆனால் எல்லாம் மெய் என்று நம்பிவிடாதீர்கள். விளையாட்டில் இடிமழையின்போது உலோக வாள் வைத்திருந்தால் மின்னல் தேடிவந்து தாக்குகிறது. உண்மையில் மின்னல் உலோகத்தைத் தேடுவதில்லை. சுற்றுப்புறத்தைவிட உயர்ந்து தனித்து நிற்பதையே பெரும்பாலும் தாக்குகிறது. மரவாளுடன் மேட்டில் நிற்பவனும் தப்ப மாட்டான்.

2017 மார்ச்சில் வெளிவந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ மூன்று கோடிக்கும் மேல் விற்றது. லிங்க் தொடக்கத்தில் பச்சைக் குல்லாய்கூட அணிவதில்லை. அப்போதும் முணுமுணுப்பு ஓயவில்லை. நீண்ட குகைப் புதிர்கள் எங்கே? வாள் ஏன் இப்படி உடைந்து உடைந்து போகிறது? எனக்கு இந்தப் புகார் புரிகிறது. ஒரே விடையுள்ள கணக்கைப் போட்டு முடிக்கும் இன்பம் ஒன்று. செய்முறைக் கூடத்தில் ஊசலைத் தொங்கவிட்டு என்ன வருகிறதென்று பார்க்கும் இன்பம் வேறு. (9.8 வரவேண்டுமென்று அளவீடுகளைப் பின்னாலிருந்து எழுதும் மாணவர்கள் முதல் இனத்தைச் சேர்ந்தவர்கள்!) இரண்டையும் ஒரே பாடவேளையில் முழுமையாகத் தர முடியாது. நிறுவனம் ஊசலின் பக்கம் சாய்ந்தது. 2023-இல் வந்த தொடர்ச்சியில் இன்னும் ஒரு படி சென்று, பலகை, சக்கரம், விசிறி ஆகியவற்றை ஒட்டி ஊர்திகள் செய்யவிட்டது. இழந்தவர்களின் இழப்பும் உண்மைதான். ஆனால் 1986-இல் ஒருவன் மெழுகுவத்தியுடன் புதருக்குப் புதர் அலைந்தானே, அந்த ஆவல் இதில் இருக்கிறது. குல்லாய் போனதைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

2024 செப்டம்பரில் அடுத்த பகுதி வந்தது. மீண்டும் மேலிருந்து பார்க்கும் கோணம். ஆனால் இம்முறை வீரன் லிங்க் அல்லன். முக்கிய வரிசையில் முதன்முறையாக இளவரசி ஸெல்டாவே கதாநாயகி. அவள் கையில் வாளுக்குப் பதில் ஒரு கோல். கண்ட பொருளை நகலெடுத்து உருவாக்கும். உயரமான மேடையில் ஏற வேண்டுமா? பழைய கட்டிலை நகலெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏறிவிடுகிறாள். இப்போது இரசிகர்கள் சண்டையிடுவது, எல்லாப் புதிருக்கும் கட்டிலே விடையாகலாமா என்று!