டீசலில் எரியும் தீவு விளக்கு

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்து நின்றால் தீவுச் சீவியம் எப்படிப் போகிறது என்று விளங்கிவிடும். அரிசி மூட்டை, சீமெந்துப் பை, காஸ் சிலிண்டர், யாரோ ஒருவரின் சைக்கிள் எல்லாம் ஆட்களோடு ஆட்களாக ஏறும். இரவு வெளிச்சமும் இந்தக் கடலைத் தாண்டித்தான் போக வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இலங்கையின் மின்வலையமைப்போடு தொடுப்பில்லை. டீசல் இயந்திரங்கள்தான் அங்கே கரண்ட் தந்து வந்தன. படகும் டீசலில், பல்ப்பும் டீசலில். 2022 இல் நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, தீவுக்காரருக்கு அந்த வரிசை இரட்டிப்புக் கவலை.

இதை மாற்ற வந்ததுதான் கலப்பு மின் திட்டம். மூன்று தீவுகளுக்குமாகச் சூரியப் பலகைகள் 1,700 கிலோவாட், காற்றாலை 530 கிலோவாட், 2,400 யூனிற் சேமிக்கும் பற்றரி, அவசரத்துக்கு 2,500 கிலோவாட் டீசல் இயந்திரம். இந்தியாவின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையில், பெங்களூர் நிறுவனம் ஒன்றோடு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

அதற்கு முன்னரும் ஒரு கதை உண்டு. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியில் 2021 சனவரியில் இதே வேலை சீன நிறுவனமொன்றுக்குப் போனது. தமிழகக் கரைக்குச் சுமார் 50 கிலோமீற்றர் தூரத்தில் சீனர் வந்து நிற்பதா என்று டெல்லி முகம் சுளித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் வேலை நின்றது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு உடன்படிக்கை வந்தது. பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை தீவில் டீசல்தான் எரிந்தது.

திட்டத்தின் உயிர் பற்றரியில் இருக்கிறது. வெயில் உச்சிக்கு ஏறும் நேரம் இரவு மீன்பிடிக்குப் போனவர் தூக்கத்தில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். வீடுகளில் ஆட்கள் கூடி விளக்கு, மின்விசிறி, டிவி எல்லாம் போடும்போது சூரியன் கடலுக்குள் இறங்கியிருக்கும். நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் பலகை நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிற் தரும். அப்படிப் பார்த்தால் மூன்று தீவுக்கும் 6,800 யூனிற் வரை கிடைக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பற்றரி பிடித்து வைக்கும். ஒரு வீடு மாலையில் 300 வாட் வீதம் நான்கு மணிநேரம் எடுத்தால் 1.2 யூனிற். ஆக 2,000 வீடுகளின் ஒரு மாலைப்பொழுதுக்குக் கணக்குச் சரி. குளிர்சாதனப் பெட்டி, நீர் இறைக்கும் மோட்டர், வைத்தியசாலை எல்லாம் இதற்கு மேலே.

மிச்சத்தைக் காற்று பார்க்க வேண்டும். வைகாசி தொடங்கி ஆவணி வரை சோளகம் இரவிலும் ஓயாமல் அடிக்கும். ஆனியில் நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்குச் சனம் குவிந்து கரண்ட் தேவை ஏறும் நாட்கள் அந்தக் காற்றுக் காலத்திலேயே வருகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழைதான் சோதனை. மூன்று நாள் வானம் மூடிக் கிடந்தால் பற்றரி வெறும் பெட்டி. அதனால்தான் டீசல் இயந்திரத்தை வீட்டுக்கு அனுப்பாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

அடுத்த எதிரி உப்பு. கடற்காற்றில் சைக்கிள் செயின் துருப்பிடிக்கிற வேகம் தீவில் எல்லாருக்கும் தெரியும். பலகையின் சட்டம், ஆணி, வயர் முனை எதையும் அது விட்டுவைக்காது. கண்ணாடியில் படியும் உப்பையும் புழுதியையும் கழுவ நன்னீர் வேண்டும். நெடுந்தீவில் நன்னீரின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அனலைதீவுக்குப் பக்கத்து எழுவைதீவில் இதேபோல ஒரு சிறு நிலையம் முன்னரே அமைந்தது. அதைப் பராமரித்தவர்களின் கையனுபவம் எந்த ஒப்பந்தத் தாளையும்விடப் பெறுமதியானது.

நன்கொடை என்பது ஒருமுறை வருவது. சூரியப் பலகை 25 ஆண்டு உழைக்கும். பற்றரி 10, 15 ஆண்டில் களைத்துவிடும். புதியது வாங்கும் காசை இன்றைக்கே யாராவது ஒரு கணக்கில் சிறுகச் சிறுகப் போட்டு வைத்தால்தான் உண்டு. அதைப் பொறுப்பேற்பது யார் என்று தீவுச் சனம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது. அந்தப் புதிய பற்றரியும் அரிசி மூட்டையைப் போலக் கடல் தாண்டித்தான் வர வேண்டும்.