ஓடிப்போகும் சிறுமிக்குத் தேவை பூட்டா, பள்ளியா? ஃபுளோரிடா காட்டும் வழி

வீட்டை விட்டு ஓடிப்போவது, ஸ்கூலுக்கு மட்டம் போடுவது... பெரியவர்களுக்கு இதெல்லாம் குற்றமே இல்லை. ஆனால் அமெரிக்காவில் 18 வயதுக்குக் கீழே என்றால், விவகாரம் சிறார் நீதிமன்றம் வரை போகலாம். ஓடிப்போய்ப் பிடிபடுகிறவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம்.

ஏன் ஓடுகிறார்கள்?

ஃபுளோரிடா மாநில சிறார் நீதித் துறையிடம் வந்த 64,000-க்கும் அதிகமானோரின் விவரங்களை வைத்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. பாலியல் கொடுமைக்கு ஆளான பையன்கள் சுமார் 7%. பெண் பிள்ளைகள் சுமார் 31%. வீட்டிலேயே பாதுகாப்பு இல்லை என்றால் ஒரு சிறுமி வேறு என்ன செய்வாள்? அவளைப் பிடித்து அடைத்தால், தப்பித்ததற்கே தண்டனை கொடுத்த மாதிரிதான்.

பையன்களுக்குத் தைத்த சட்டை

சிறார் திட்டங்கள் பெரும்பாலும் பையன்களை மனதில் வைத்தே உருவாக்கப்பட்டவை. பெண் பிள்ளைகளுக்கு என்ன தேவை என்று மாநிலங்கள் தனியாகப் பார்க்க வேண்டும் என அமெரிக்கச் சட்டம் சொன்னதே 1992-ல்தான்.

அதற்கு முன்பே, 1985-ல், ஜாக்சன்வில் நகரில் விக்கி பர்க் தொடங்கியது 'பேஸ் சென்டர் ஃபார் கேர்ள்ஸ்'. இங்கே பூட்டு கிடையாது. காலையில் வந்து மாலையில் வீடு திரும்பலாம். சின்ன வகுப்பறை, ஒவ்வொருவருக்கும் தனி கவுன்சலிங், வாழ்க்கைத் திறன் பயிற்சி எல்லாம் ஒரே கூரையின் கீழ். 'நீ என்ன தப்பு செய்தாய்?' என்பதைவிட, 'உனக்கு என்ன நடந்தது?' என்பதே இங்கு முதலில் பார்க்கப்படுகிறது.

பலன் கிடைத்ததா?

எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் 14 பேஸ் மையங்களில் குலுக்கல் முறையில் சிறுமிகளை இரு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தது. 2019-ல் முடிவு வந்தது. பேஸில் சேர வாய்ப்பு கிடைத்தவர்கள் படிப்பில் நிலைத்தார்கள், வருகையும் கூடியது. ஆனால் 18 மாதங்களில் வழக்குகளில் சிக்கும் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

அப்படியானால் தோல்வியா? அப்படிச் சொல்லிவிட முடியாது. மற்றக் குழுவினருக்கும் வெளியே வேறு உதவிகள் கிடைத்தன. தவிர, 'எத்தனை பேர் கைதாகவில்லை' என்பதை மட்டும் எண்ணினால், திரும்பவும் பள்ளிக்கு வந்த சிறுமி கணக்கிலேயே வரமாட்டாள்.

திட்டம் தீட்டுபவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதைத்தான்: எதை வெற்றி என்று எண்ணப்போகிறோம்?